மாமனுக்கு ஆகாத பல்

என்னோடு ஒத்த வயதுடையவர்களே, உங்களில் பெரும்பாலோருக்கு இப்போது சொந்தப் பல் இல்லை என்பதை அறிவேன். ஆகையால் பல்லைப் பற்றி நான் எழுதுவதைப் பொறுமையோடு வாசிப்பீர்கள் என்று நம்புகிறேன். மற்றபடி எதையும் எளிதில் நம்பும் இயல்பு எனக்கு இல்லை. அந்த இயல்பை இழந்தது எப்படி என்பதும் இந்தக் கதையில் வரும்.

சென்ற மாதம் என் தம்பியின் பேரனுக்கு, அதாவது அவன் மகள் பெற்ற பிள்ளைக்கு, முதற்பல் முளைத்தது. ஒரு வயது கடந்து, எல்லோரும் எதிர்பார்த்து அலுத்த பின்னர் முளைத்த பல். கீழே முளைக்க வேண்டியது மேலே முளைத்திருந்தது. அதுவும் சீவிய பென்சில் முனையைப் போலக் கூராக இருந்தது. குழந்தையின் தாய்மாமன், அதாவது என் தம்பியின் மகன், கத்தாரில் வேலை செய்கிறான். வெள்ளிக்கிழமைதோறும் கைபேசியில் முகம் காட்டிப் பேசுகிறவன், பல் முளைத்த செய்தி எட்டிய நாளிலிருந்து குரலை மட்டுமே அனுப்புகிறான். அங்கே சிக்னல் சரியில்லையாம். குரலுக்குச் சரியாக இருக்கும் சிக்னல் முகத்துக்கு மட்டும் எப்படிக் கெட்டுப்போகும் என்று கேட்டேன். "அத்த, ஒங்களுக்கு இதெல்லாம் வெளங்காது" என்று சிரித்தான்.

எனக்கு நன்றாகவே விளங்கியது. மேற்பல் முந்தி முளைத்தால் மாமனுக்கு ஆகாது என்பது நம்மவர்களின் நம்பிக்கை. தோஷம் நீங்கக் கழிப்புச் செய்யும்வரை மாமன் அந்தப் பிள்ளையின் முகத்தில் விழிக்கக்கூடாது. மாமன் அதன் முகத்தை முதலில் எண்ணெயில் பார்க்க வேண்டும்; கொடி சுற்றிப் பிறந்த பிள்ளைக்குச் செய்வதைப் போலத்தான். கணினியில் வேலை பார்க்கும் அந்தப் பையன் கேமராவை அணைத்துவைத்திருப்பதன் காரணம் இதுவே.

குழந்தையின் தந்தை வீட்டார் நாவுலையில் மரக்கறி வியாபாரம் செய்கிறார்கள். அந்த வீட்டுச் சம்பந்தியம்மா பிள்ளையின் வாயை விரலால் திறந்து பார்த்து, "எங்க பக்கம் யாருக்கும் இப்படி இல்லீங்களே" என்றார். மென்மையாகத்தான் சொன்னார். ஆயினும் அந்தச் சொற்களை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். மாத்தளைக்குக் கீழே, வெக்கை நிறைந்த ஒரு பள்ளத்தாக்கில் எங்கள் தோட்டம் இருந்தது. மலைநாடு என்றதும் எல்லோரும் குளிரையும் தேயிலையையும் நினைக்கிறார்கள். எங்களுடையது கொக்கோத் தோட்டம். மரத்தின் அடிமரத்திலேயே காய் தொங்கும். உடைத்த கொட்டைகளை வாழையிலை மூடிப் புளிக்க வைத்திருப்பார்கள். அந்தப் புளித்த வாடை எங்கள் வரிசை வீடுகளான லயத்துச் சுவர்களுக்குள்ளும் புகுந்திருந்தது. அப்பா அந்தக் கொட்டைகளைக் காயவைக்கும் ஸ்டோரில் வேலை செய்தார். அம்மா காய் உடைக்கப் போவாள். எங்கள் ஒற்றையறைக் காம்பராவில் அப்பாவின் தங்கையும் இருந்தாள். அவள் எனக்கு அத்தை.

அத்தையை அம்மாவின் தம்பிக்கு, அதாவது என் மாமாவுக்கு, பேசி முடித்திருந்தார்கள். பெண் எடுத்த வீட்டுக்கே பெண் கொடுக்கும் ஏற்பாடு. மாமா மாத்தளை டவுனில் ஐஸ் கட்டி செய்யும் இடத்தில் வேலை பார்த்தார். அம்மன் கோயிலுக்கு நேர்த்தி என்று சொல்லி எப்போதும் தலையை மழித்திருப்பார். வெயில் இறங்கிய பிறகுதான் எங்கள் வீட்டுக்கு வருவார். வெயிலில் நின்று வேலை செய்ய வணங்காத உடம்பு என்று அப்பா அவரைக் கேலி செய்வதுண்டு. அத்தைக்கு மட்டும் அவரிடத்தில் குறையே தெரியவில்லை. "தோட்டத்துல யாருக்கு இருக்கு அந்தப் பல்லு? சீப்பு மாதிரி வரிசையா" என்று தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் மற்றப் பெண்களிடம் பெருமை பேசுவாள். அதைக் கேட்கும் போதெல்லாம் அம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிப்பாள். அம்மா எப்போதுமே அப்படித்தான் சிரிப்பாள். அவளுடைய மேல்வரிசையில் ஒரு பல் அரிசிமணியளவே இருந்தது. வாயை மூடிச் சிரிப்பதை நாங்கள் வெட்கம் என்று எண்ணியிருந்தோம்.

அந்த வருடம் மழை தவறியது. தம்பி கைக்குழந்தை. ஒரு வயதாகியும் பல் இல்லை. தலையில் முடி என்று சொல்ல ஒன்றுமில்லை. இலவம்பஞ்சு ஒட்டியதைப் போல ஏதோ இருந்தது. வெயில் ஏறினால் அவன் உடம்பு அடுப்புக்கல்லாகிவிடும். நாங்களெல்லாம் வியர்வையில் நனைந்திருக்கையில் அவன் மட்டும் உலர்ந்து, கண் செருகிக் கிடப்பான். பொழுது சாய்ந்ததும் ஒன்றுமே நடவாதது போல விளையாடுவான். அம்மா வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஈரத்துணியால் அவனைச் சுற்றுவாள். கங்காணிக்கு இதில் பலத்த ஐயம்.

"வெயில் ஏறினா ஒம் புள்ளைக்குக் காய்ச்சல், வேல முடிஞ்சா சொகம். நல்லாத்தான் பழக்கி வச்சிருக்க" என்றார்.

தோட்டத்து டிஸ்பென்சர் கசப்பு மருந்து கொடுத்தார். கசப்பு மருந்துக்கும் அந்தச் சூடு அடங்கவில்லை. மாமா கொண்டுவந்த பனிக்கட்டிக்குத்தான் அடங்கியது. யாரும் கேளாமலே, அதற்காக மட்டும் வெயிலையும் பாராமல், மரத்தூள் நிரப்பிய சாக்கில் சுற்றி, பஸ்ஸில் கொண்டுவருவார். அதைப் பெரிய சட்டியில் உடைத்துப் போட்டு, அந்தத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிள்ளையின் மார்பில் இடுவார். எந்த இடத்தில் இட வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அது எப்படித் தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவ்வளவு சந்தேகக்காரர்கள் நிறைந்த லயத்தில், சந்தேகப்பட வேண்டிய ஒன்றை எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

பிறகு பல் முளைத்தது. முதலில் கண்டவள் பிள்ளைக் காம்பரா ஆயா. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை அவளிடம்தான் விட்டுச் செல்வார்கள். தோட்டத்தில் பிறந்த வாய்கள் எல்லாவற்றிலும் விரலை விட்டுப் பார்த்தவள் என்ற இறுமாப்பு அவளுக்கு உண்டு. சீனி தொட்ட விரலைத் தம்பியின் வாயில் வைத்தவள், சுட்டதைப் போல எடுத்தாள். அன்று மாலைக்குள் லயம் முழுவதும் செய்தி பரவிவிட்டது. மேற்பல், அதுவும் ஊசிப்பல்.

அத்தை நடுங்கிப்போனாள். அவளுக்குப் பேசிவைத்த மாப்பிள்ளையல்லவா அந்த மாமன்? அதுவரை தம்பியை இடுப்பை விட்டு இறக்காதவள், அன்றிலிருந்து அவனைத் தொடவில்லை. "அண்ணி, கழிப்பு முடியிற வரைக்கும் அவர இந்தப் பக்கம் வரச் சொல்லாதீங்க" என்று அம்மாவிடம் கெஞ்சினாள். மாமாவுக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவர் வரவில்லை. பனிக்கட்டியும் நின்றது. பயந்துவிட்டார் என்றார்கள். அத்தை அதையும் அவருடைய நல்ல புத்தி என்று மெச்சினாள்.

தம்பியின் சூடு மட்டும் நிற்கவில்லை. அதோடு அப்பாவின் பார்வையும் மாறியது. ஆயா எதையோ எண்ணிச் சொன்னாளா, பொழுதுபோகாமல் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது: "எத்தன வாயப் பாத்திருக்கேன், இது நம்ம பக்கத்து வாயே இல்ல." அந்தச் சொல் அப்பாவின் காதில் தங்கிவிட்டது. சோற்றின் முன் அமர்ந்து பிள்ளையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டார்.

"எங்க பக்கம் யாருக்கும் இப்படி இல்ல. இது யாரு ஜாட?"

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவளிடம் பதில் இல்லை என்று அப்பா எடுத்துக்கொண்டார். கழிப்புக்கு மாமன் வந்தாலும் வராவிட்டாலும், அது முடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் தன் பிறந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்றார். பெண்பிள்ளை, அதாவது நான், இங்கேயே இருப்பேனாம்.

மறுநாள் அம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனாள். ஐஸ் செய்யும் அந்தக் கட்டடத்தின் வாசலிலேயே மூக்கை அறுக்கும் ஒரு நெடி அடித்தது. உள்ளே நீளநீளமான பனிக்கட்டிகள் பலகைமேல் வழுக்கி வந்தன. ஜன்னற்கட்டையில் நீல விளிம்புள்ள வெள்ளை எனாமல் கோப்பை ஒன்று இருந்தது. எட்டிப் பார்த்தேன். அதனுள் மாமாவின் சிரிப்பு கிடந்தது.

டவுனில் பல் கட்டும் சீனர் ஒருவர் இருந்தார். அவர் செய்துகொடுத்த இரட்டைப் பல்தட்டு அது. குளிரில் நின்றால் தட்டு ஈறைக் கடிக்கும் என்பதால் வேலைநேரத்தில் மாமா அதைக் கழற்றி வைப்பாராம். அவர் என்னைக் கண்டதும் வாயைப் பொத்தினார். பொத்துவதற்கு முன் நான் கண்டுவிட்டேன். ஒட்டிய உதடுகளுக்குள், மேலே இரண்டு கூர்ப்பற்கள். வேறொன்றும் இல்லை. என் தம்பி முதியவனாகி என் முன்னே நிற்பது போல் இருந்தது.

"பாக்கட்டும், சின்னப் புள்ள" என்றாள் அம்மா. பிறகு தம்பியின் முகம் அவர் பக்கம் திரும்பாதபடி அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "வந்து எண்ணெயில மொகத்தப் பாத்துட்டு, ஒரு தேங்கா ஒடச்சிட்டுப் போயிரு தம்பி. நீ வாயத் தொறக்க வேணாம்" என்றாள்.

"மச்சான் என்னா சொல்றாரு?"

"எங்க வீட்டுக்கே போகச் சொல்றாரு."

"எந்த வீட்டுக்கு? அப்பா அம்மா போனதோட நமக்கு ஏது வீடு?" மாமா வாயைப் பொத்திய கையை எடுத்தார். "நம்ம வாயப் பத்தி நீ சொல்லலையாக்கா?"

"சொன்னா ஒனக்குப் பொண்ணு குடுப்பாங்களா?"

இவ்வளவுதான் நான் கேட்டது. ஆயினும் பஸ்ஸில் திரும்பி வரும்போது என் உலகம் வேறாகிவிட்டிருந்தது. மாமா வராதது பிள்ளையின் பல்லுக்குப் பயந்து அன்று. இருவரையும் பக்கத்தில் வைத்து யாரும் பார்த்துவிடக்கூடாது என்பதற்காக. ஒரே வார்த்தையில் தன்னை விடுவித்துக்கொள்ளக்கூடிய அம்மா, அந்த வார்த்தையைத் தன் தம்பியின் கல்யாணத்துக்காக விழுங்கிக்கொண்டிருந்தாள். அதற்கு மறுபக்கமும் உண்டு. அம்மா அத்தையை ஏமாற்றிக்கொண்டும் இருந்தாள். சீப்பு வரிசை என்று அத்தை பெருமைப்பட்டபோது அம்மா கைமறைவில் சிரித்த சிரிப்பு எதற்காக என்று அன்று முதல் நான் ஐயப்படத் தொடங்கினேன். நான் மிக நேசித்த ஒருத்தியை அப்போதுதான் முதன்முதலாகச் சந்தேகித்தேன். அதன்பின் மற்றவர்களைச் சந்தேகிப்பது கடினமாக இருக்கவில்லை.

கழிப்பு ஒரு மாலை எங்கள் காம்பராவின் வாசலில் நடந்தது. வெண்கலக் கிண்ணம் ஒன்றில் நல்லெண்ணெய் ஊற்றிவைத்தார்கள். அம்மா மணையில் பிள்ளையோடு உட்கார்ந்தாள். மாமா கண்ணைக் கட்டியபடி வந்து, கிண்ணத்துக்கு நேரே குனிந்த பின்னரே கட்டை அவிழ்க்க வேண்டும். எண்ணெயில் முகம் தெளிவாகத் தெரியும்படி அத்தை விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முறை பிசகாமல் நடக்கிறதா என்று அவளைப் போல அக்கறையோடு கவனித்தவர் எவருமில்லை. லயத்தார் சுற்றி நின்றார்கள்.

மாமா குனிந்து பார்த்தார். தேங்காய் உடைந்தது. எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சுவிட்டேன். அப்போது அப்பா பேசினார்.

"பாத்தாச்சில்ல? இப்ப நாலு பேருக்கு முன்னால நீயே சொல்லு. இது யாரு ஜாட?"

"எண்ணெயில பாத்தா எல்லாரும் கறுப்புத்தான்" என்றாள் ஆயா. சிலர் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அம்மா பிள்ளையை இறுக்கிக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள். அவளுடைய இரண்டு சேலைகளும் பிள்ளைத் துணிகளும் கட்டிய மூட்டை கதவடியில் ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தது, அப்பாவே கட்டிவைத்தது.

மாமா அந்த மூட்டையைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பினார்.

"தம்பி, வேணாம்" என்றாள் அம்மா. அவள் எதைச் சொல்கிறாள் என்பது அங்கே நின்றவர்களுள் எனக்கு மட்டுமே தெரியும்.

மாமாவின் கை வாய்க்குப் போயிற்று. பிறகு சட்டைப் பைக்குப் போயிற்று. மறுபடியும் குனிந்து, பிள்ளையின் முகத்துக்கு அருகே தம் முகத்தைக் கொண்டுபோய், கிண்ணத்தைக் காட்டினார். சொற்கள் காற்றாக நழுவின.

"இப்பப் பாருங்க மச்சான். அவன் வாயப் பாருங்க, என் வாயப் பாருங்க."

அப்பா குந்தியிருந்து பார்த்தார். எண்ணெயில் இரண்டு முகங்கள் ஒட்டிக் கிடந்தன. மழித்த தலையும் முளைக்காத தலையும். பெரிய வாயும் சிறிய வாயும். தம்பிக்கு இது விளையாட்டாகப் பட்டிருக்க வேண்டும். வாயை அகலத் திறந்து சிரித்தான். மாமாவின் வாயும் திறந்திருந்தது. அந்தக் கூர்ப்பற்களைக் கண்ட பின் யாரிடமும் கேட்பதற்கு ஒன்றுமிருக்கவில்லை.

அப்பா எழுந்து, மூட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அதை அவிழ்க்கும் ஓசை வெளியே கேட்டது. அவர் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனால் அடுத்த வாரம் முதல் மாமா பஸ்ஸில் ஏற்றியனுப்பும் பனிக்கட்டியை எடுத்துவர, ஸ்டோர் வேலையை இடையில் விட்டு ரோட்டுச் சந்திக்கு அவரே போனார். சாக்கின் ஈரம் முதுகெல்லாம் வழிய ஓட்டமாக வருவார், கரைந்துவிடுமே என்று.

அத்தை விளக்கைத் தரையில் வைத்துவிட்டு அப்போதே உள்ளே போயிருந்தாள். மறுநாள் காலை அம்மாவிடம் அவள் சொன்னது ஒன்றே ஒன்று.

"அண்ணி, ஒங்களுக்குத் தெரியும்."

அதைக் கேள்வியாக அவள் கேட்கவில்லை. கல்யாணம் நின்றுபோயிற்று. அடுத்த வருடம் வேறொரு தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். மாமா கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. ஆயா லயம் லயமாகச் சொல்லித் திரிந்தாள்: "நாந்தான் சொன்னேனே, மேப்பல்லு மாமனுக்கு ஆகாதுன்னு. ஆச்சா?"

வாசகர்களே, இதை மறுக்க நான் பல்லாண்டுகள் முயன்றிருக்கிறேன். மாமா முதுமைவரை நன்றாகவே வாழ்ந்தார். பின்னாளில் நண்பகலிலும் வருவார். எங்கள் வீட்டில் பல்லைக் கழற்றிவைத்துவிட்டுக் குழைந்த சோற்றை ஆசையாக உண்பார். ஆயினும் அந்தப் பல்தான் அவருடைய கல்யாணத்தைத் தின்றது என்பதை எப்படி இல்லை என்பது? அவர் இறந்த பின் அந்த எனாமல் கோப்பையைத் தேடினேன். யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். யாரென்று ஓர் ஊகம் உண்டு, எழுத மாட்டேன்.

இம்முறை பிள்ளையைக் கண்டியில் பல் வைத்தியர் ஒருவரிடம் காட்டினோம். சம்பந்தியம்மாவும் கூட வந்தார். வைத்தியர் இளம்பெண், பாதி சிங்களமும் பாதி தமிழுமாக விளக்கினார். கரு வயிற்றில் வளரும்போது பல்லும் முடியும் வியர்வைச் சுரப்பியும் தோலின் ஒரே அடுக்கிலிருந்து அரும்புகின்றனவாம். எங்கே, எப்போது அரும்ப வேண்டும் என்பதைப் பரம்பரையலகுகள், அதாவது மரபணுக்கள், அறிவிக்கின்றன. அவற்றுள் ஒன்று பழுதுபட்டால் மூன்றுமே குறைபடும். அந்தப் பழுது பெண்களின் வழியாக வந்து, பெரும்பாலும் ஆண்களில் வெளிப்படும். சுமக்கும் பெண்ணுக்கு ஒரு பல் சிறுத்திருப்பதோடு போய்விடலாம். நோயுள்ள தகப்பனிடமிருந்து அது மகனுக்குப் போகாது. மகளுக்குப் போகாமல் இராது. தாளில் ஆண்களுக்குக் கட்டமும் பெண்களுக்கு வட்டமும் வரைந்தார். நான் சொல்லச் சொல்ல மாமாவின் கட்டத்தையும் என் தம்பியின் கட்டத்தையும் முழுமையாகக் கறுப்பாக்கினார். அம்மாவின் வட்டத்தில் பாதியைக் கறுப்பாக்கினார். பாதி மறைத்துப் பாதி சிரித்தவளுக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

அத்தை மாமாவை மணந்திருந்தால், அவள் பெறும் பெண்கள் அனைவரும் அந்தப் பாதி வட்டங்களாகியிருப்பார்கள். அறியாமல் அஞ்சியவள், அஞ்ச வேண்டியதற்கே அஞ்சினாளோ? வைத்தியரிடம் கேட்கவில்லை. உங்கள் வாயையும் பார்க்கலாமா என்று அவர் கேட்டபோது, நான் வாயை மூடிக்கொண்டேன்.

இதில் யார்மேலும் பிழையில்லை என்று வைத்தியர் திரும்பத் திரும்பச் சொன்னார். சம்பந்தியம்மா தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார். வீடு வந்து சேர்ந்ததும், "தாய் வழின்னுதான சொன்னாங்க?" என்றார். என் தம்பியின் மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது வெள்ளிக்கிழமை. கத்தாரிலிருந்து அழைப்பு வந்தது. வழக்கம்போல் அவன் முகம் வரவேண்டிய இடத்தில் இருட்டுச் சதுரம். என் தம்பி பேரனைத் தூக்கி மடியில் வைத்தான். யாரும் கேளாமலே தன் பல்தட்டைக் கழற்றிச் சம்பந்தியம்மாவின் கண்முன் மேசையில் வைத்தான். குழந்தையின் கன்னத்தோடு கன்னத்தை ஒட்டி, கைபேசியை எதிரே நிறுத்தினான்.

"ஆமாங்க, தாய் வழிதான். தாய்க்கு என் வழி. இனி என்னயக் கேளுங்க, என் மகளக் கேக்க வேணாம்" என்றான். பிறகு கைபேசியிடம், "டேய், பாரு. ஒனக்கு இதுல ஒண்ணுமே வராதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க" என்றான்.

கறுத்த கண்ணாடியில் எங்கள் முகங்களே தெரிந்தன. சம்பந்தியம்மா எழுந்து, தேநீர் ஊற்றட்டுமா என்று என் தம்பியின் மகளிடம் கேட்டார்.

பின்னர் அந்தச் சதுரம் வெளிச்சமாயிற்று. கத்தாரிலிருப்பவன் உள்ளங்கையால் கண்களைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக் கூர்ந்து பார்த்தேன். விரல்களுக்கு நடுவே ஓர் இடைவெளி இருந்தது.